கலயத்துக்குள் தொண்ணூற்றெட்டு கூப்பன்

எட்டு நாளைக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏரலிலிருந்து வந்து வண்டியை விட்டு இறங்கினேன். முகம்கூடக் கழுவவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் மூலையில் இருந்த கலயத்துக்குள் கையை விட்டேன்.

காலி.

ஒரு குருணைகூட இல்லை. அடியில் நான் போட்டு வைத்திருந்த வசம்புத் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் மளிகைச் செலவை மிச்சம் பிடிப்பது பற்றி நான் எவ்வளவு பெருமையாக எழுதினேன்! 'புத்தியுள்ள பெண் கூப்பனைக் கிழித்தெறிய மாட்டாள்' என்றுகூட எழுதியதாக நினைவு. அதைப் படித்துவிட்டுச் சீவலப்பேரியிலிருந்து ஓர் அம்மாள் கடிதம் போட்டிருந்தார், தானும் சேர்க்கத் தொடங்கிவிட்டதாக. அம்மா, அந்தச் சீட்டுகளை நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள்? இதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பேட்டையிலிருந்து வந்த ஓர் அண்ணாச்சி, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மளிகைக் கடை திறந்தார். திறந்த அன்றே ஊரெல்லாம் நோட்டீஸ். எட்டணாவுக்குச் சாமான் வாங்கினால் ஒரு கூப்பன். நூறு கூப்பன் சேர்த்துக் கொண்டு வந்தால் மூன்று மரக்கால் அரிசி இனாம். பங்குனி கடைசி வரைக்கும்தான்.

மூன்று மரக்கால் அரிசி! சண்டை நடப்பது என்னவோ ஐரோப்பாவில். அரிசி விலை ஏறுவது மட்டும் இங்கே. இந்தக் காலத்தில் ஒருவர் அரிசியைச் சும்மா கொடுக்கிறேன் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

எனக்கு இருக்கவில்லை. எனக்கு ஒரு காரணமும் இருந்தது.

என் தங்கை ஞானம் ஏரலில் இருக்கிறாள். போன வருஷம் வாந்திபேதியில் அவள் புருஷன் போய்விட்டார். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயது. ஞானம் நெல் குத்திப் பிழைக்கிறாள். குத்திக் கொடுத்தால் கூலியோடு குருணையும் கிடைக்கும், அதில் கஞ்சி. இந்த வருஷம் அங்கே உள்ள வியாபாரிகள் நெல்லை நெல்லாகவே மூட்டை கட்டி வெளியூருக்கு ஏற்றுகிறார்கள். நெல்லே இல்லாத ஊரில் எதைக் குத்துவது?

அவளுக்காகத்தான் அந்த மூன்று மரக்கால்.

ஆறு மாதம் சேர்த்தேன். எப்படிச் சேர்த்தேன் என்பதை அந்தப் பழைய பத்தியில் நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஏழணாவுக்குச் சாமான் வாங்கிவிட்டு, இன்னும் ஓரணாவுக்கு வாங்கினால் கூப்பன் கிடைக்குமே என்று கடுகு வாங்குவேன். எல்லாத் தடவையும் கடுகுதான். கெட்டுப் போகாது பாருங்கள். இன்றைக்கு என் வீட்டில் இரண்டு பெரிய ஜாடி நிறையக் கடுகு இருக்கிறது. என் பேரப்பிள்ளைகள் கல்யாணத்துக்கும் தாளிக்கலாம். எனக்கு இன்னும் பிள்ளையே இல்லை என்பது வேறு விஷயம்.

அப்படியும் எண்ணிக்கை நகரவில்லை. ஆகவே அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்காவிடம்தான் முதலில் கேட்டேன். "யக்கா, அண்ணாச்சி கடைச் சீட்டு இருந்தா எனக்குத் தாரியளா?" என்று. அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுக்கென்ன டீச்சர், எடுத்துக்கோங்க" என்றாள். அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருக்கோடி வரை போய்விட்டேன்.

சரி, சேர்த்ததை எங்கே வைப்பது?

முதலில் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். என் கணவர் இரண்டு சீட்டை எடுத்துச் சுருட்டு பற்ற வைத்துவிட்டார். அவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. காகிதம் என்றாலே செலவழிக்கத்தான் என்று நினைப்பு. பிறகு வேதாகமத்துக்குள் வைத்தேன். அலமாரியில் கறையான். கடைசியில்தான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது... பிடியரிசிக் கலயம்!

எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் சோற்றுக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவிடுவோம். சனிக்கிழமை காலையில் கோயிலிலிருந்து கூடையோடு ஆள் வரும். கலயத்தை அப்படியே கவிழ்த்துவிடுவோம். அந்தக் கலயத்துக்குள் போடத்தான் கை போகும், எடுக்கப் போகாது. எவ்வளவு பசித்தாலும் எடுக்கக் கூடாது. பாளையங்கோட்டையில் அதைவிடப் பத்திரமான பெட்டி எது?

சீட்டுகளை நூல் போட்டுக் கட்டி, துணியில் முடிந்து, கலயத்தின் அடியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே எடுத்துவிடுவேன். சனிக்கிழமை அரிசி போனதும் திரும்ப உள்ளே வைப்பேன். எடுக்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் குறுகுறுக்கும். என் சொந்தச் சீட்டுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

தொண்ணூற்றெட்டு சேர்ந்தாயிற்று. இன்னும் இரண்டே இரண்டு. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். பங்குனி முடியப் பத்து நாள்தான் இருந்தது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வண்டி பிடித்து ஏரலுக்குப் போனேன். அங்கே இருந்த நாட்களில் வெள்ளிக்கிழமை வந்தது; போனது. கலயத்தின் நினைப்பே எனக்கு வரவில்லை.

ஏரலில் என்ன நடந்தது தெரியுமா?

"அடுத்த சனிக்கிழம மூணு மரக்கா அரிசி வருது, ஞானம்" என்றேன்.

அவள் நேரே உள்ளே போனாள். பானை உருளுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் குருணைக் கஞ்சி இல்லை. முழு அரிசிச் சோறு, பருப்புக் குழம்பு. பிள்ளைகள் மூன்றும் இலையை வழித்து வழித்துத் தின்றன. எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் இருக்கட்டும் என்று அவள் ஒளித்து வைத்திருந்த அரிசி அது.

"எதுக்கு ஞானம் இதைப் போயி எடுத்த?"

"அதான் வருதுல்லாக்கா. இனி எதுக்குப் பொத்தி வைக்கணும்?"

மூத்தவள் வண்டி வரைக்கும் கூடவே வந்தாள். "பெரிம்மா, சனிக்கிழம காலையிலயா, சாயங்காலமா?" என்று கேட்டாள். சாயங்காலம் என்றேன்.

இப்போது சொல்லுங்கள், காலிக் கலயத்துக்குள் கையை விட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

என் கணவர் பின்னால் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பன்னிரண்டு வருஷ தாம்பத்தியத்தில் தானாக ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தவர் இல்லை. அன்று காலையில் கூடைக்காரர் வந்ததும் தாமே எழுந்து போய்க் கலயத்தைத் தூக்கிக் கவிழ்த்திருக்கிறார்! ஆயுளில் அவர் செய்த முதல் வீட்டு வேலை.

"நீ ஊர்ல இல்லேன்னாலும் காணிக்க நிக்கப்பிடாதுல்லா. அதான் நானே குடுத்துட்டேன்" என்றார்.

"உள்ள ஒரு முடிச்சு..."

"பாத்தேன் ஏளா, பாத்தேன். துணிக்குள்ள முடிஞ்சு, யாருக்கும் தெரியாம அடியில வச்சிருந்த. நீ ஏதோ பொருத்தன பண்ணியிருக்கேன்னு புரிஞ்சுகிட்டேன். நம்மளுக்குப் பிள்ளை வேணும்னுதான?" கலயத்தை மெல்லத் தட்டிக் காட்டினார். "நான் அவுத்துக்கூடப் பாக்கல. அப்படியே கூடையில போட்டேன். ஒன்னைய நெனச்சா எனக்கே பெருமையா இருக்கு ஏளா."

கோபப்படலாம். எதற்கென்று கோபப்படுவது? என்னைப் பற்றி அவர் பெருமைப்பட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. முடிச்சில் இருந்தது வேண்டுதல் இல்லை, மளிகைக் கடைச் சீட்டு என்று எந்த மனைவி சொல்வாள்? ...அவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. பன்னிரண்டு வருஷமாகப் படித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு முன்னால் எங்கள் கோயில் உபதேசியாரைத் தனியாகப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, முடிச்சை வாங்கிவிடலாம் என்று வேகமாக நடந்தேன். முடியவில்லை. கமிட்டிக்காரர்கள் நாலு பேர் அவரைச் சுற்றி நின்று ஏதோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துவிட்டது.

ஜெபம் முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரம். உபதேசியார் எழுந்தார். நல்ல மனிதர்; அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கையில் என் துணி முடிச்சு இருந்தது. என் பழைய ரவிக்கையில் கிழித்த துணி.

"பிரியமானவர்களே, இந்த வாரம் பிடியரிசிக்குள் ஒரு காணிக்கை வந்திருக்கிறது. தன் பேரைச் சொல்லாமல், ஒரு சகோதரி, தொண்ணூற்றெட்டு கூப்பன் போட்டிருக்கிறார். எத்தனை மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாரோ! காலையில் கமிட்டியில் இதைச் சொன்னதும் இரண்டு பேர் தங்கள் பையிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்கள். நூறாகிவிட்டது. குறைந்த இரண்டையும் கர்த்தரே நிரப்பினார்!"

கர்த்தர் எனக்காகவும் அந்த இரண்டை நிரப்பியிருக்கலாம். ஆறு மாதம் அவருக்கு நேரம் கொடுத்தேன்.

"இந்த அரிசியைக் கஷ்டப்படுகிற ஆறு வீட்டுக்குப் பங்கு வைக்கக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது" என்று முடித்தார்.

எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அது என்னுடையது, தெரியாமல் வந்துவிட்டது, என் தங்கை பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள்... அவ்வளவுதானே சொல்ல வேண்டும்? முந்தானையை இழுத்துச் சொருகினேன். ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கையைக் குவித்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

எட்டு வயதுப் பெண்ணிடம் சாயங்காலம் என்று சொல்லிவிட்டு வந்தவள், பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்லவள் என்கிற பெயர் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் ஒரு கடைசி முயற்சி செய்தேன். "ஐயா, அந்த ஆறு வீட்டுல... ஏரல்ல ஒரு விதவ இருக்கா. மூணு பிள்ளையள். அவளையும் சேத்துக்கிட முடியுமா?"

"ஏரல் வேற சேகரம், வேற கோயில்லாம்மா" என்றார் இரக்கத்தோடு. "அங்க உள்ளவிய பாத்துக்கிடுவாவ. நம்ம லிஸ்டுல நம்ம ஆளுவளே நெறைய இருக்காவ."

கடையில் வாங்கி அனுப்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். மாசக் கடைசி. பள்ளிக்கூடச் சம்பளம் லீவு முடிந்துதான் வரும். கையில் மிஞ்சியதையெல்லாம் கடுகாக்கி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு ஜாடிக் கடுகைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். இதை எடுத்துக்கொண்டு அரிசி கொடுங்கள் என்று கேட்டேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அண்ணாச்சி சிரித்தார். "வித்த சாமான எப்படி டீச்சரம்மா திரும்ப எடுக்கது? இன்னா, ஒங்களுக்குத்தான் கடுகுன்னா உசிராச்சே. மாசம் பாத்து மாசம் வாங்குதியளே, வீட்டுல ஊறுகா யாவாரம் நடக்குதோன்னுல்லா நெனச்சேன்!"

"கூப்பனாவது இன்னும் குடுக்கியளா?"

"அது முடிஞ்சுட்டும்மா. அரிசி விக்கிற வெலைக்கு எனக்குக் கட்டுமா? காலையில ஒங்க கோயில்லேர்ந்து வந்து நூறு சீட்டக் குடுத்து வாங்கிட்டுப் போனாவ. அதோட போர்டக் கழத்தியாச்சு. மொத்தத்துல அந்த ஒரு நூறுதான் திரும்பி வந்துருக்கு, பாத்துக்கோங்க."

கேட்டீர்களா? ஊர் முழுக்கச் சீட்டு சேர்த்தது. நூறு எட்டியது ஒரே ஓர் ஆள். மற்றவர்களெல்லாம் எழுபதிலும் எண்பதிலும் நின்று, அரிசி வரும் அரிசி வரும் என்று அவர் கடையிலேயே வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிக்கனம் பிடிக்கப் போன நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அண்ணாச்சிக்கு ஒரு கடையை நிறுத்திக் கொடுத்திருக்கிறோம். அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா? நோட்டீஸில் போட்டபடி அரிசி கொடுத்துவிட்டாரே. மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் கையில் மிச்சம் இருக்க வேண்டும். இதை அந்தப் பழைய பத்தியில் நான் எழுதாமல் விட்டுவிட்டேன். எனக்கே தெரியாது.

அந்த வாரம் முழுக்க நான் ஏரலுக்குச் சொல்லி அனுப்பவில்லை. என்னவென்று சொல்லி அனுப்ப? சனிக்கிழமை நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமையும் வந்தது. மத்தியானம், உச்சி வெயில். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கணவர் வெளியே போயிருந்தார். கதவு மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன்.

உபதேசியார் நின்றார். குடையை விரித்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். குடைக்குக் கீழே, கக்கத்தில், ஒரு சின்ன மூட்டை.

"ஒண்ணும் சொல்லாதிய டீச்சரம்மா. பைய உள்ள வச்சுக்கோங்க. யாருக்கும் தெரியாது" என்றார் தாழ்ந்த குரலில்.

"என்னதுய்யா இது?"

"அர மரக்கா அரிசி. ஆறு வீட்டுல ஒங்க வீடும் ஒண்ணு."

அவரே சொன்னார்.

"செல்லத்தாயம்மாதான் கமிட்டியில சொன்னாவ. நீங்க வீடு வீடாப் போயி கடைச் சீட்டு கேட்டியளாமே. அப்படியும் நூறு சேரல போல. திங்கக்கிழம கடையில போயி கடுகக் குடுத்து அரிசி கேட்டதையும் பாத்திருக்காவ. சொல்லும்போதே அவியளுக்கு அழுக வந்துட்டு. நீங்க வாய் விட்டுக் கேக்க மாட்டிய. ஏரல் விதவன்னு அன்னைக்கு நீங்க கேட்டப்பவே எனக்குப் பட்டுது, ஒங்களுக்காகத்தான் வேற ஆளு பேர வச்சுக் கேக்கியன்னு. சங்கடப்படாதிய. யாரோ ஒரு புண்ணியவதி போட்ட காணிக்க. அவளுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க."

அந்தப் புண்ணியவதி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? சிரித்திருக்கலாம், அழுதிருக்கலாம், நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கலாம். போன ஞாயிறு பெயருக்காக வாயை மூடினேன். அந்தப் பெயர் தெருவில் என்ன கதியில் கிடக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி எதைக் காப்பாற்ற? சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"ஸ்தோத்திரம்யா" என்றேன்.

மூன்று மரக்கால் சொன்ன இடத்தில் அரை மரக்கால். பிள்ளைகளுக்கு எத்தனை நாள் வரும்? நாலு நாளா, ஐந்து நாளா? அதற்குப் பிறகு? தெரியவில்லை. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னிடம் வழி இல்லை. மார்க்கெட்டில் ஏரல் வண்டி மாடு பூட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து அனுப்பினால் சாயங்காலம் போகாது, விடியற்காலம் போகும். ஒரு வேளை தாமதம். அதை மட்டுமாவது மன்னிக்கிற வயதில் அந்தக் குழந்தை இருக்கிறாள்.

மூட்டையைப் பிரித்தேன். அதற்குள்ளேயே ஒரு ஓரத்தில் அரைப் படிக் கடுகையும் தனியாக முடிந்து வைத்தேன். ஞானம் சிரிப்பாள். சிரிக்கட்டும், அல்லது ஏன் இப்படி என்று திட்டட்டும்.

மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டப் போகும்போது என் கை தானாக அரிசிக்குள் போயிற்று. ஒரு பிடி அள்ளி மூலையிலிருந்த கலயத்தில் போட்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், என்ன செய்ய?

இந்தத் தடவை மட்டும் பிடியைக் கொஞ்சம் சின்னதாகப் பிடித்தேன்.